நடுவில் ஃபோம் வைத்த படகின் அடித்தோல் பிரிந்தபோது: ஒரு பழுதுபார்ப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையில், ஆற்று முகத்துவாரம் ஒன்றை ஒட்டியுள்ள சிறிய படகுப் பட்டறைக்கு, பொங்கல் கழிந்த வாரத்தில் 8.4 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று டிரெய்லரில் வந்து சேர்ந்தது. ஸ்கூபா பயிற்சிக்கு வருவோரையும் அவர்களுடைய காற்று உருளைகளையும் கடலுக்குள் ஏற்றிச் செல்லும் படகு அது. பின்பலகையில் 115 குதிரைத்திறன் கொண்ட இரண்டு அவுட்போர்டு என்ஜின்கள் இருந்தன. கட்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்த அந்தப் படகின் பழுதுபார்ப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இங்கே பதிவாகும் முடிவுகளில் சரியானவற்றைப் போலவே பிழையானவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு.

இந்தக் கரையில் ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் விரைவாகப் பிடித்துக்கொண்டதால், மேட்டையும் (சிறு கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) ரோவிங்கையும் (தடித்த கண்ணாடி இழைகளால் நெய்த துணி) மாற்றி மாற்றி விரித்து, ரெசின் என்ற இறுகும் பிசினை ஊட்டிப் படகு கட்டும் கை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒற்றைத் தோல் படகுகள், அதாவது நடுவில் ஃபோம் இல்லாமல் ஒரே ஃபைபர் தகட்டால் ஆனவை. அவற்றின் அறைகளில் வைக்கப்படும் தெர்மகோலும் பஃப் ஃபோமும் படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்கானவையே தவிர, சுமையைத் தாங்குபவை அல்ல.

பட்டறைக்கு வந்த படகின் கட்டுமானம் வேறு வகை. அதன் அடிப்பகுதியில் 4 மி.மீ. வெளித்தோலுக்கும் 3 மி.மீ. உள்தோலுக்கும் நடுவே 20 மி.மீ. பிவிசி ஃபோம் வைத்து மூன்றையும் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். இரும்பு உத்தரத்தின் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் இழுவிசையையும் அழுத்தத்தையும் ஏற்க, நடுத்தகடு அவ்விரண்டையும் நகரவிடாமல் பிடித்திருப்பது போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. தோல்கள் வலிமை தருகின்றன. ஃபோம் அவற்றை இடைவெளி குறையாமலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமலும் பிடித்து வைக்கிறது. ஆகவே ஒட்டு விட்டுப்போனால், 27 மி.மீ. தடிமனுள்ள ஒரே பலகை அந்த இடத்தில் 4 மி.மீ., 3 மி.மீ. என இரண்டு மெல்லிய தகடுகளாகிவிடுகிறது. படகு வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும்; விறைப்பில் பெரும்பகுதி போயிருக்கும்.

முதல் அறிகுறியும் முதல் பழுதுபார்ப்பும்

முந்தைய ஆண்டின் கோடையில், அலையைக் குறுக்கே வெட்டிப் போகும்போது வலப்பக்க அடியிலிருந்து ‘தப், தப்’ என்ற ஓசை வருவதாகப் படகோட்டி சொன்னார். கரையேற்றிப் பார்த்தபோது, நடுப்பகுதிக்குச் சற்று முன்னால், அணியத்தை நோக்கிய பக்கத்தில், பெருவிரலால் அழுத்தினாலே தோல் உள்வாங்கியது. வேறொரு இடத்தில் அதைப் பழுதுபார்த்தவர்கள் வெளித்தோலில் 6 மி.மீ. துளைகள் இட்டு, பாலியெஸ்டர் ரெசினை ஊசிக்குழாயால் செலுத்தி, மணல் மூட்டையால் அழுத்தி வைத்து, துளைகளைப் பட்டி வைத்து மூடினார்கள். உரிமையாளர் அப்போது தொலைபேசியில் என்னிடம் கருத்துக் கேட்டார். படகை நேரில் பார்க்காமலேயே, சிறிய பரப்புதானே, செய்யலாம் என்று நானும் சொல்லிவிட்டேன். ஐந்து மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியபோது, அதே ஓசை முன்னைவிட அகலமான பரப்பிலிருந்து கேட்டது.

துளையிட்டு ரெசின் செலுத்தும் முறை தவறான முறை அன்று. பிரிந்த இரு முகங்களும் தூய்மையாகவும் உலர்ந்தும் இருந்தால், அதாவது கட்டும்போதே ஒட்டுப் பசை படாமல் விடுபட்ட இடமாக இருந்தால், அது பலன் தரும். நீர் புகுந்த இடத்தில் ஈரத்தின்மேலும் உப்பின்மேலும் ரெசின் படிந்து, எதிலும் பற்றாத தனித்தகடாக இறுகிவிடும். நீர் புகுந்ததா என்ற கேள்வியை அப்போது எவரும் கேட்கவில்லை.

பட்டறையில் கண்டவை

முதல் இரண்டு நாட்கள் வெட்டும் வேலை எதையும் தொடங்கவில்லை. அடிப்பகுதி முழுவதையும் ஒரு சாண் அகலக் கட்டங்களாகப் பிரித்து, பிளாஸ்டிக் தலையுள்ள சிறிய சுத்தியால் தட்டிக்கொண்டே போனோம். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஓசை சுருக்கமாகவும் கூர்மையாகவும் எழும்பும். பிரிந்த இடத்தில் மண்பானையின் விரிசல் பக்கத்தைத் தட்டியது போலச் செத்து ஒலிக்கும். செத்த ஓசை வந்த இடங்களைப் பென்சிலால் இணைத்தபோது 0.55 சதுர மீட்டர் பரப்பு கிடைத்தது.

ஓசையை மட்டும் நம்பாமல் இருக்க இன்னொரு சோதனையும் செய்தோம். இரண்டு ஸ்டிரிங்கர்களுக்கு (அடிப்பகுதியின் உள்ளே நீளவாக்கில் ஓடும் விறைப்புச் சட்டங்கள்) இடைப்பட்ட வெளித்தோலில், ஒரு மரக்கட்டை வழியாக 20 கிலோ எடையால் அழுத்தி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து வளைவை அளந்தோம். இடப்பக்கத்தில் அதே இடத்தில் முள் 0.2 மி.மீ.-ஐத் தாண்டவில்லை, வலப்பக்கத்தில் 3 மி.மீ.-க்கும் மேல் போனது. பழுதுபார்த்த பின் ஒப்பிட்டுப் பார்க்க இந்த இரு எண்களும் பெரிதும் உதவின.

ஈரமானி தந்த அளவுகளை இங்கே முதன்மைப்படுத்தவில்லை. அடிப்பகுதியில் பூசியிருந்த பாசித்தடுப்புப் பெயின்டில் செம்பு இருந்ததால், கருவி எல்லா இடத்தையும் ஈரம் என்றே காட்டியது. பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகே அது ஓரளவு பயன்பட்டது.

மூன்றாம் நாள், உள்தோலில் படாமல் வெளித்தோலும் ஃபோமும் மட்டும் துளைபடுமாறு, டிரில் பிட்டில் ஒட்டுநாடாவால் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, ஏழு இடங்களில் 5 மி.மீ. துளைகள் இட்டோம். பென்சில் கோட்டுக்குள் இட்ட நான்கில் மூன்றிலிருந்து நீர் கசிந்தது. தேநீர் நிறத்தில், விரலில் பிசுபிசுக்கும், காடியைப் போலப் புளித்த வாடை வீசும் நீர். நீல லிட்மஸ் தாளை வைத்தால் சிவந்தது. கடல்நீர் அப்படி இருக்காது. பாலியெஸ்டர் ரெசின் நீண்டநாள் ஈரத்தில் ஊறிச் சிதையத் தொடங்கும்போதுதான் இத்தகைய அமில நீர் உண்டாகும். நாற்பது ஆண்டுகளாக ஃபைபர் வேலை செய்யும் மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “சார், இது நேத்து முந்தாநாள் தண்ணி இல்ல, பல வருஷமா உள்ளயே கெடக்குது,” என்றார். மறுநாள் காலைக்குள் கீழே வைத்த வாளியில் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்திருந்தது.

நீர் வந்த வழி

நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தப் படகில் எக்கோ சவுண்டர் (ஒலியால் கடலின் ஆழம் அறியும் கருவி) பொருத்தியபோது, அதன் சென்சாருக்காக அடிப்பகுதியை ஊடுருவி ஒரு துளை இட்டிருந்தார்கள். நல்ல முறை என்னவென்றால், அத்தகைய துளையைச் சுற்றி ஃபோமை ஒரு வட்டத்துக்கு அகற்றி, அந்த இடத்தை ஃபைபராலோ, வலுவாக ஒட்டும் வேறு வகை ரெசினான எபாக்ஸியைக் கெட்டியாகக் குழைத்தோ திடமாக நிரப்பி, அதன் நடுவில் துளையிட வேண்டும். அப்போது துளையை அடைக்கும் சீலன்ட் தளர்ந்தாலும் நீர் ஃபோமைத் தொடாது. இங்கே ஃபோமின் வெட்டுமுகம் அப்படியே விடப்பட்டு, சிலிக்கான் மட்டும் பூசப்பட்டிருந்தது. சென்சாரைக் கழற்றியபோது சிலிக்கான் ஒரு வளையம் போல முழுதாகக் கையோடு வந்துவிட்டது. ஃபைபரில் அது பற்றியிருக்கவே இல்லை.

பிவிசி ஃபோம் மூடிய நுண்ணறைகளால் ஆனது, நீரை எளிதில் உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் வளைந்த அடிப்பகுதியில் படியவேண்டும் என்பதற்காக, ஃபோம் தாளைச் சிறு சதுரங்களாகக் கீறி, பின்புறம் மெல்லிய வலைத்துணியால் பிடித்திருக்கும் வகை இதில் பயன்பட்டிருந்தது. கட்டும்போது அந்தக் கீறல்களுக்குள் ஒட்டுப்பட்டி முழுதாக ஏறவேண்டும். இங்கே பல கீறல்கள் வெறுமையாகவே இருந்தன. ஆக, சென்சார் துளையில் புகுந்த நீருக்கு ஒரு கால்வாய் வலையே தயாராக இருந்தது. நீரைச் சுருக்க முடியாது. படகு ஒவ்வோர் அலையிலும் அறையும்போது அந்தக் கால்வாய்களில் இருந்த நீர் அழுத்தம் பெற்று, தோலை உள்ளிருந்தே நெம்பியிருக்கிறது.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் பேச்சில் இருந்தன. மீண்டும் ரெசின் செலுத்துவதை, அமில நீரைப் பார்த்தவுடனேயே தள்ளிவிட்டோம். உள்தோலை வெட்டி உள்ளிருந்து வேலை செய்வது இரண்டாவது. வெளி வடிவம் கலையாமல் இருக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் எரிபொருள் தொட்டியும் தளமும் ஸ்டிரிங்கர்களும் குறுக்கே நின்றன. உள்தோலையும் ஸ்டிரிங்கர்களையும் அப்படியே விட்டு, வெளித்தோலை வெட்டித் திறக்கும் மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். ஸ்டிரிங்கர்களோடு இணைந்த உள்தோல், வேலை முடியும்வரை படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது முதன்மையான காரணம்.

படகைக் கவிழ்த்துப் போடுவது என்றும் முடிவெடுத்தோம். என்ஜின்களையும் படகோட்டி நின்று ஓட்டும் கன்சோலையும் இறக்கி, இரண்டு செயின் பிளாக்குகளும் அகலமான பெல்ட்டுகளும் கொண்டு புரட்ட ஒரு முழு நாள் ஆனது. உரிமையாளருக்கு இது வீண் செலவாகத் தோன்றியது. தலைக்கு மேலே கைதூக்கி ஈரத் துணியை ஒட்டும்போது ரெசின் வடிந்து காற்றுக்குமிழ்கள் தங்கும். அத்தகைய ஒட்டை அடிப்பகுதியில் நம்ப முடியாது என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் கரையேறும் மீன்பிடிப் படகுகளால் பட்டறை நிறைந்துவிடும். அதற்குள் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது.

வெட்டுவதற்கு முன், பழுதில்லாத இடப்பக்கத்தின் வளைவை நான்கு இடங்களில் பிளைவுட்டில் வரைந்து அறுத்து வைத்துக்கொண்டோம். அவற்றைத் திருப்பி வைத்தால் வலப்பக்கத்தின் அச்சு கிடைத்துவிடும்.

திறந்தபின்

பென்சில் கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே, கிரைண்டரின் டிஸ்க் ஆழத்தை 4 மி.மீ.-க்கு அளந்து வைத்து, வெளித்தோலைச் செவ்வகமாக வெட்டினோம். மூலைகளை வட்டமாகவே விட்டோம். கூர்மூலையில் விசை குவியும். தகட்டு உளியை நுழைத்து நெம்பியபோது, நடுப்பகுதி எந்தத் தடையும் இல்லாமல் எழுந்து வந்தது.

எடுத்த தோலின் உள்முகத்தைப் படிப்பதில் அரை நாள் செலவிட்டோம். அது வீணான அரை நாள் அன்று. சென்சார் துளையைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குத் தோலின் உள்முகம் கண்ணாடி போல வழவழப்பாக, ஃபோமின் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் இருந்தது. அதாவது அங்கே தோற்றது ஒட்டு. முன்பக்கம் போகப்போக, தோலோடு ஒன்று முதல் இரண்டு மி.மீ. ஃபோம் பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. மீதி ஃபோமின் மேல்முகம் மாவாக நொறுங்கியிருந்தது. அங்கே ஒட்டு கெட்டியாக இருக்க, ஃபோமே அறுந்திருக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தின் வேலை. துளையருகே ஒட்டு முதலில் விட்டிருக்கிறது. ஒட்டு விட்ட பகுதியின் விளிம்பில் சுமை முழுவதும் குவிந்ததால், அலை அறையும் முன்பகுதியில் ஃபோம் களைப்புற்றுப் பின்னர் அறுந்திருக்கிறது. முந்தைய பழுதுபார்ப்பில் செலுத்திய ரெசின், நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்தில், எதிலும் ஒட்டாத பழுப்புத் தகடாகக் கிடந்தது. அதைக் கையால் எடுத்து வைத்தோம்.

இங்கே என் முதல் பிழை. வெட்டிய விளிம்பில் தட்டிய ஓசை நன்றாக இருந்தது என்பதற்காக, அதுவே எல்லை என்று கொண்டு, இரண்டு பக்கங்களில் வெளித்தோலைச் சரிவாகத் தேய்க்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அந்த விளிம்புகளில் ஃபோமின் கீறல்கள் கறுத்த கோடுகளாக வரிசையாகத் தெரிந்தன. சிலவற்றின் நுனியில் நீர்த்துளி நின்றது. தோல் இன்னும் பிரியாததால் ஓசை நன்றாக இருந்தது. நீர் மட்டும் முன்னேறிப் போயிருந்தது. கறுப்புக் கோடுகள் முடியும்வரை, முன்னும் பக்கவாட்டிலும் மீண்டும் வெட்டினோம். 0.55 சதுர மீட்டர் என்று தொடங்கிய பரப்பு 1.4 சதுர மீட்டரில் நின்றது. தேய்த்த சரிவுகளும் அதற்குச் செலவான இரண்டு நாள் உழைப்பும் வீணாயின.

பழைய தோலையே திரும்ப ஒட்டலாமே என்ற யோசனையும் வந்தது. வடிவம் தப்பாது என்பதால் சிலர் அப்படிச் செய்வதுண்டு. அமிலத்தில் ஊறிய உள்முகத்தை நம்ப மனமில்லாததால் புதுத்தோல் கட்டுவது என்று தீர்மானித்தோம். பழைய தோலில் ஒரு கை அகலத் துண்டை அறுத்து, திறந்த வெளியில் ஊதுவிளக்கால் எரித்தோம். ரெசின் எரிந்து போனபின் கண்ணாடி இழைகள் மட்டும் எஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாக உரித்து எண்ணி, மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று அடுக்கு வரிசையைக் குறித்துக்கொண்டோம்.

உலர்த்தல்

ஃபோமை உள்தோல்வரை சுரண்டி எடுத்தபின், உள்தோலின் முகத்தையும் சுற்றியுள்ள கீறல்களையும் நல்ல தண்ணீரால் ஐந்து முறை கழுவினோம். உலர வேண்டிய இடத்தில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று உரிமையாளர் கேட்டது நியாயமே. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதைக் கழுவாமல் எத்தனை நாள் காயவைத்தாலும் கடற்கரைக் காற்றில் அந்த இடம் மறுபடி நனையும்.

பிறகு 19 நாட்கள் காத்திருந்தோம். பகலில் மின்விசிறிகள், இரவில் விளக்குகள். விளிம்புக் கீறல்களில் தங்கிய ஈரத்துக்காக, திறந்த பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை அடைத்து, ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் வாங்கிய வேக்குவம் பம்பை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினோம். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நீர் ஏறத்தாழ 46 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். வெயில் ஏறிய தகரக் கூரையின் கீழ், விளக்கு வெப்பமும் சேர, அந்த வெப்பநிலையை எட்டுவது கடினமில்லை. ஒவ்வொரு மாலையும் தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டி வைத்து, காலையில் அதன் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பார்த்தோம். தொடர்ந்து மூன்று காலைகள் வியர்வை இல்லாமல் போன பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

ரெசின் பற்றிய வாக்குவாதம்

மேஸ்திரி பாலியெஸ்டரே போதும் என்றார். படகே அதனால்தான் கட்டப்பட்டது; விலையும் குறைவு; கை பழகியது. நான் எபாக்ஸி வேண்டும் என்றேன். புதிய படகில் அடுக்குகள் ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைந்து இறுகுகின்றன. ஆண்டுகள் கடந்து முழுதாக இறுகிய பழைய தோலில் அந்தப் பிணைப்புக்கு வாய்ப்பில்லை; ஒட்டும் திறன் ஒன்றையே நம்பவேண்டும். அதில் எபாக்ஸி மேலானது.

எபாக்ஸி என்று முடிவானதும் மேட் வேண்டாம் என்றேன். அவருக்கு அது நம்பத் தகுந்ததாகத் தெரியவில்லை. ஒரு கிண்ணத்தில் பாலியெஸ்டரும் இன்னொன்றில் எபாக்ஸியும் ஊற்றி, இரண்டிலும் ஒரு துண்டு மேட்டை அவரே போட்டார். பாலியெஸ்டரில் போட்டது சில நிமிடங்களில் குழைந்து இழை இழையாகப் பிரிந்தது. எபாக்ஸியில் போட்டது அட்டை போலவே விறைத்துக் கிடந்தது. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. அவர் குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, துணியே போடுவோம் சார்,” என்று சொன்னதோடு வாக்குவாதம் முடிந்தது. 600 கிராம் எடையுள்ள, இழைகள் இரு திசையில் சாய்ந்து தைக்கப்பட்ட பையாக்ஸியல் துணியைத் தேர்ந்தோம்.

ஃபோமும் புதுத்தோலும்

ஒரு கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள 20 மி.மீ. பிவிசி ஃபோமை இந்த முறை கீறலில்லாத வெறுந்தாளாகவே வாங்கினோம். வளைவு குறைவாக இருந்ததால் அது படிந்தது. இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 2 மி.மீ. துளைகள் முழுவதும் இட்டோம். முதலில் ஃபோமின் ஒட்டுமுகத்திலும் உள்தோலிலும் வெறும் எபாக்ஸியைப் பூசினோம்.

இரண்டாவது பிழை இங்கே நேர்ந்தது. இந்தப் பூச்சைச் சோதனையாக ஒரு ஃபோம் தாளில் காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். வெயில் ஏற ஏற ஃபோமின் மேல் நுண்ணறைகளிலும் துளைகளிலும் இருந்த காற்று விரிந்து, பூச்சைத் துளைத்துக்கொண்டு குமிழ் குமிழாக வெளிவந்தது. இறுகியபின் அம்மைத் தழும்பு போல ஆகிவிட்ட அந்தத் தாளை ஒதுக்கவேண்டியதாயிற்று. வெப்பம் இறங்கும்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும் என்பதால், அன்றிலிருந்து ரெசின் வேலை மாலை நான்கு மணிக்கு மேல்தான் என்று மாற்றினோம். எபாக்ஸியின் பயன்படு நேரம் வெப்பநிலை பத்து பாகை உயர்ந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடும். மாலை வேலையில் அந்தத் தொல்லையும் குறைந்தது. எபாக்ஸியை மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனரை வாங்கி, ஒருமுறைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்தினோம்.

சிலிக்கா பொடி சேர்த்துக் குழைத்த எபாக்ஸிப் பட்டியைப் பல்கரண்டியால் உள்தோலில் வரிவரியாக இழுத்து, அதன்மேல் ஃபோமை வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, பம்பை ஓட்டினோம். பம்பின் முழு இழுப்புக்கு விடாமல், வளிமண்டல அழுத்தத்தில் பாதி அளவுக்கே இழுத்தோம். பத்து நிமிடத்தில் 2 மி.மீ. துளைகள் ஒவ்வொன்றின் வாயிலும் கடுகளவு பட்டி தலைகாட்டியது. ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் பரப்பில் எதுவும் வரவில்லை. உடனே தாளைப் பிரித்து, ஃபோமைத் தூக்கி, அங்கே பட்டி சேர்த்து மறுபடி வைத்தோம். அந்தச் சிறு துளைகள் இல்லாவிட்டால் அந்த மூலை அப்படியே மூடப்பட்டிருக்கும்.

பழைய தோலின் விளிம்பை 50 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தோம், 4 மி.மீ. தடிமனுக்கு இது ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கும் சற்று மேலான சரிவு. மொத்தம் ஆறு துணிகள். பெரிய துணியை முதலிலும் சிறியவற்றைப் பின்னாலும் வைத்தோம். இதைத் தலைகீழாகச் செய்வோரும் உண்டு. பெரியது முதலில் படிந்தால் அது சரிவு முழுவதையும் ஒரே பரப்பாகப் பற்றும். பின்னால் சமன்படுத்தித் தேய்க்கும்போது அந்த முதல் துணியின் ஓரம் அறுபடாது என்பது என் காரணம். ஆறு துணிகளையும் ஒரே மாலையில், ஈரத்தின்மேல் ஈரமாக வைத்து, இறுகியபின் உரித்தெடுக்கும் பீல் ப்ளை துணியைப் போர்த்தி, இரவு முழுவதும் பம்பின் அழுத்தத்தில் விட்டோம்.

இறுகிய பின் மேல்பரப்பில் மெழுகு போன்ற படலம் ஏதும் எஞ்சியிருந்தால் அது அடுத்த பூச்சை ஒட்டவிடாது. ஆகவே பீல் ப்ளையை உரித்த பிறகும் நல்ல தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிவிட்டே எம்ரித் தாளைத் தொட்டோம். மூன்று வெயில் நாட்கள் கறுப்புத் தார்ப்பாயால் கூடாரம் போட்டு மூடி, உள்ளே 55 பாகைவரை சூடேற்றி எபாக்ஸியை முழுமையாக இறுகவிட்டோம். வெளிப்பூச்சாக ஜெல்கோட் பூசவில்லை. பாலியெஸ்டர் ஜெல்கோட் எபாக்ஸியின்மேல் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும் அபாயம் உண்டு. எபாக்ஸித் தடுப்புப் பூச்சும் அதன்மேல் பாசித்தடுப்புப் பெயின்டும் போதுமானவையாக இருந்தன.

சென்சாருக்கு அடிப்பகுதியில் மீண்டும் இடம் தரவில்லை. அதைப் பின்பலகையின் வெளிப்புறத்தில் பிராக்கெட் வைத்து மாட்டினோம். படகிலிருந்த மற்ற துளைகளையும் இதே கண்ணோடு பார்த்தபோது, ஃபோம் வெட்டுமுகம் திறந்திருந்த துளைகள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றைச் சுற்றி ஃபோமைக் குடைந்து, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, மறுதுளையிட்டோம். அவற்றில் நீர் இன்னும் புகவில்லை.

விளைவு

ஏப்ரல் முதல் வாரத்தில் படகை நிமிர்த்தினோம். 20 கிலோ அழுத்தச் சோதனையில் வலப்பக்கத்தின் முள் இடப்பக்கத்தின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. பிளைவுட் அச்சை வைத்துப் பார்த்தபோது, மிகுந்த இடைவெளி 2 மி.மீ.; அது முன் விளிம்பில் பட்டி சற்றுக் கூடிப்போனதால் வந்தது.

என்ஜின் 100 மணி நேரம் ஓடியபின் ஒருமுறையும், 11 மாதம் கழித்து ஒருமுறையும் கரையேற்றித் தட்டிப் பார்த்தோம். பழுதுபார்த்த பரப்பில் செத்த ஓசை எங்கும் இல்லை. இரண்டாம் முறை, பின் விளிம்பை ஒட்டிப் பெயின்டில் ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை விரிசல் தெரிந்தது. சுரண்டிப் பார்த்ததில் அது மேல் பட்டியோடு நின்றிருந்தது. கீழே துணி முழுதாக இருந்தது. அந்த இடத்தில் பட்டி 3 மி.மீ.-க்கு மேல் தடித்திருந்ததே காரணம் என்று கருதுகிறோம்.

படகின் தோலை ஒற்றையாளாகத் தேய்த்த இளைஞருக்கு முன்கையில் தடிப்பு வந்து ஒரு வாரம் வேலைக்கு வரமுடியவில்லை. முகக்கவசம் தந்திருந்தோம், முழுக்கைச் சட்டையைக் கட்டாயப்படுத்தவில்லை. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது என்பதால், அவரை ரெசின் வேலையிலிருந்து விலக்கி வேறு வேலையில் வைத்தோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ரெசின் செலுத்தலாம் என்று தொலைபேசியில் சொன்னதற்குப் பதிலாக, ஒரே ஒரு 5 மி.மீ. துளை இட்டு நீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தால், பரப்பு இவ்வளவு விரிந்திருக்காது. அடுத்த முறை விளிம்பைத் தேய்க்கும் முன், வெட்டிய முகத்தை ஓர் இரவு திறந்து வைத்து, காலையில் கீறல்களைப் பார்த்த பிறகே எல்லையை முடிவு செய்வோம். தட்டும் சோதனை பிரிந்த இடத்தைத்தான் காட்டும். நனைந்த இடத்தைக் காட்டாது. சோதனைத் துளைகளைப் பென்சில் கோட்டுக்குள் நான்கும் வெளியே மூன்றும் இட்டதற்கு மாறாக, பெரும்பாலானவற்றைக் கோட்டுக்கு வெளியே இட்டிருக்க வேண்டும். வெளியே இட்ட மூன்றும் கீறல்களுக்கு நடுவே விழுந்ததால் உலர்ந்தே தெரிந்தன.

உலர்த்தலுக்கான நாட்களைக் குறைத்திருக்கலாம் என்று உரிமையாளர் இன்றும் சொல்கிறார். நான் அதை ஏற்கவில்லை.

படகை ஒப்படைத்த நாளில், மேஸ்திரி உட்புறத்தில் தளப்பலகையைத் தூக்கி, ஃபோம் இருக்கும் பரப்புகளின் எல்லையைச் சிவப்புப் பெயின்டால் கோடிட்டு, ‘இங்கே துளை போடக் கூடாது’ என்று தன் கையாலேயே எழுதி வைத்தார். பதினோராம் மாதச் சோதனையின்போது அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் வெளியே, ஏராவை (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஒட்டிய திட ஃபைபரில், புதிதாக ஒரு பம்புக்கான திருகுகள் இரண்டு இறங்கியிருந்தன.